பாட்டியோட வெரல் ரேகை

அன்பு குட்டிக்கு,

உன் லெட்டர் போன வாரமே வந்துருச்சுடி, பதில் போடத்தான் லேட்டாயிடுச்சு, கோத்தகிரில நாலு நாளா விடாத மழை, கரண்ட் வர்றதும் போறதுமா இருந்துச்சு, நெட் வந்தா நம்ம இ-சேவை கடைல கூட்டம் தாங்கல. அம்மாவுக்கு முட்டிவலி இப்போ பரவால்ல. பெரியவன் பிளஸ் டூ போயிட்டான்.

நீ அரசாங்கத்துக்கு ஆப் பண்ற டீம்ல சேந்துட்டேன்னு எழுதிருந்தே, எனக்கு அவ்ளோ சந்தோசம். அதனாலயே இத உன்கிட்ட சொல்லணும்.

எங்க பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டுல ஒரு பாட்டி. சிலோன் தோட்டத் தமிழர்கள்ல நெறய பேர இந்தியாவுக்கு அனுப்பறதுக்குப் போட்ட 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் அங்கேர்ந்து கப்பலேறி வந்தவங்க, வந்த நாள்லேர்ந்து தேயிலை எஸ்டேட்ல கொழுந்து பறிச்சே காலம் போச்சு, இப்போ பிஎஃப் பென்ஷன்தான் அவங்களுக்கு அரிசி பருப்பு எல்லாமே. அதுக்கு வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு ரேகை வச்சு சர்டிபிகேட் குடுக்கணும். போன தடவ ரேகை விழவே இல்ல. கொழுந்து பறிச்ச வெரல கிட்டக்க பாத்திருக்கியா, கறை ஏறி, கிள்ளிக் கிள்ளி நுனியெல்லாம் வழுவழுன்னு தேஞ்சிருக்கும், குளிருக்கு வெடிப்பு வேற. பத்து வெரலயும் தொடச்சுத் தொடச்சு வச்சோம், ஒன்னும் எடுக்கல. போன் நம்பரும் மகனோடது, அவரு திருப்பூர் பனியன் கம்பெனில, ஓடிபி அங்க போகுது. மூணு மாசம் பென்ஷன் நின்னுபோச்சுடி.

இந்த வருஷம் முகத்த காட்டியே எடுத்துட்டோம். 2022லேர்ந்தே பிஎஃப் பென்ஷனுக்கு அந்த வசதி இருக்காம், எனக்கே இப்போதான் தெரிஞ்சுது, அத நெனச்சா மனசு ஆறல. கடைக்குள்ள வெளிச்சம் பத்தலன்னு வாசப்படில உக்கார வச்சு, பாட்டி கண்ண மூடித் தெறங்கன்னேன், அவங்க சாமி கும்பிடுற மாதிரி இறுக்கி மூடிட்டாங்க, தெறக்கவே இல்ல. மூணாவது தடவ ஓகே ஆச்சு. "அப்போ இன்னும் ஒரு வருஷம் நான் இருக்கேனா கண்ணு"ன்னு கேட்டாங்க, எனக்கு தொண்ட அடைச்சிருச்சு.

மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபா 2023லேர்ந்து நேரா அக்கவுண்டுக்கே வருது, யார்கிட்டயும் கையேந்த வேண்டியதில்ல. போஸ்ட்மேன் வீட்டு வாசல்லயே மெஷின்ல பணம் எடுத்துக் குடுத்துடுறாரு, பஸ் காசு மிச்சம், அரை நாள் கூலியும் மிச்சம், மலைல இருக்கவங்களுக்கு அது எவ்ளோ பெருசுன்னு உனக்கே தெரியும். ஆனா அந்த மெஷினும் மொதல்ல ரேகையத்தான் கேக்குது. யாரு வெரல் ரொம்ப ஒழச்சுதோ அவங்களதான் அது வெளிய நிறுத்துது.

நீங்க ஆப் பண்றப்போ ஒரு வழி அடைச்சா இன்னொரு வழி அதே ஸ்க்ரீன்லயே வர்ற மாதிரி வைங்க. தமிழ்ல வாய்விட்டுப் படிச்சுச் சொல்லணும், எழுத்து தெரியாதவங்கதான் இங்க பாதிப்பேர். சிக்னல் போச்சுன்னா போட்டதெல்லாம் அழிஞ்சுபோய் மொதல்லேர்ந்து ஆரம்பிக்க விடாதீங்க. உங்க ஆபீஸ்ல நல்ல வைஃபைல டெஸ்ட் பண்ணா இதெல்லாம் எப்படித் தெரியும்?

பொங்கலுக்கு வர்றப்போ ஒரு நாள் முழுசும் என் கடைல வந்து உக்காருடி, பாட்டியையும் வரச் சொல்றேன். ஸ்வெட்டர் மறக்காத, ஜனவரில உறைபனி கொட்டும்.

உன்
கோத்தகிரிக்காரி