அந்தப் பிள்ளைகளுக்கு வராத காய்ச்சல்

நகரி

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா தோட்டத்தில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டில் அடி. புத்தூர் கட்டு போட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. நீ அனுப்பிய பணம் வந்தது.

நீ இருக்கும் உகாண்டாவில், ரத்தத்தில் ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமியை வைத்துக்கொண்டே பிள்ளைகள் காய்ச்சல் இல்லாமல் பந்து விளையாடுகிறார்கள் என்று சொன்னாயே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் வீடு வீடாகப் போய் மலேரியா பார்க்க ரத்த ஸ்லைடு எடுத்த காலத்தில் 'காய்ச்சல் யாருக்காவது இருக்கா' என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் ஊரில் அந்தக் கேள்வி பாதிப் பேரைக்கூடப் பிடிக்காது போல.

உடம்பு அடையாளம் காணாதபடி கிருமி சட்டை மாற்றிக்கொண்டே இருக்கும், அதற்கு மட்டும் சுமார் 60 மரபணு வைத்திருக்கிறது என்றாய். திரும்பத் திரும்ப நோய் வந்து பிழைத்த பிள்ளையின் உடம்பு அந்தச் சட்டைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொள்கிறது. பழகாத உடம்பில் காய்ச்சலைக் கிளப்பும் டிஎன்எஃப் என்ற புரதம் எகிறிக் காய்ச்சல் கொதிக்கிறது. பழகிய உடம்பில் இன்டர்லூகின்-10 என்ற இன்னொரு புரதம் அதை அடக்கி வைக்கிறது. சரி, அதற்காக அந்தப் பிள்ளைகள் தப்பித்துவிட்டார்கள் என்றும் இல்லை. ரத்தசோகை மெல்ல அரிக்கும், கொசு அவர்களிடமிருந்து எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கும்.

ஆனால் நீ வளர்ந்தது நகரியில். உன் உடம்பு எந்தச் சட்டையையும் பார்த்ததில்லை. அங்கே பிறக்கும் குழந்தைக்கு முதல் சில மாதம் தாய் கொடுத்த எதிர்ப்பாவது இருக்கும். நம் பாப்பாவுக்கு அதுவும் கிடையாது. கொசுவலை கட்டுகிறீர்களா? ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருக வேண்டும்.

தறிச் சத்தத்துக்கு நடுவில் படித்தவன் இன்று அவ்வளவு பெரிய ஆய்வில் இருக்கிறான் என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்கிறேன். அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசத்தான் உனக்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது நீ தூங்குகிறாய் என்று மருமகள் சொன்னாள். இங்கே ஆறரை, அங்கே மாலை நான்கு. நீ பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. அதற்கு முந்தைய வாரமும் அவள்தான் போனை எடுத்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பழகாத உடம்பில் ஃபால்சிபாரம் ஒரே நாளில் மூளை வரை போய்விடும். உனக்கே தெரியும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்காராதே. பாப்பாவுக்கு உடம்பு சுட்டால் அன்றைக்கே விரலைக் குத்திப் பார். கொசுவலையை மறக்காதே.

ஸ்லைடு எடுத்திருந்தால் ரிசல்ட்டை மட்டும் எழுது. பாசிட்டிவ் என்றாலும் எழுது, அம்மாவிடம் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா