சோலார் நிலைய ஆய்வு சுவிட்ச்யார்டோடு நின்றுவிடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி என மழைமறைவில் கிடக்கும் எங்கள் பாலக்காட்டு எல்லைப் பகுதியில் வெயிலுக்குக் குறைவில்லை. எல்லையின் இருபுறமும் சோலார் நிலையங்கள் பெருகுவதை நான் வரவேற்கவே செய்கிறேன். காசர்கோடு மாவட்டம் மயிலாட்டியில் 125 மெகாவாட் திறனில், நான்கு மணி நேரம் மின்சாரம் தரவல்ல பேட்டரி நிலையத்துக்கும் ஒப்பந்தமாகியிருக்கிறது. ஆனால், இவற்றுக்கான அரசுப் பாதுகாப்பு ஆய்வு ஆபத்து பிறக்கும் இடத்தைப் போதிய அளவு தொடுவதில்லை என்பதே என் கவலை.

மின்சாரச் சட்டம் 2003இன் 162ஆம் பிரிவின்படி நியமிக்கப்படும் மின் ஆய்வாளர், அரசு அறிவித்த மின்னழுத்த அளவுக்கு மேற்பட்ட நிறுவல்களைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்த பின்னரே அவற்றில் மின்சாரம் செலுத்தப்பட வேண்டும். அதன்பின் ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் மறு ஆய்வு நடக்க வேண்டும். மின் ஒப்பந்தப் பணிகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இத்தகைய ஆய்வுகளில் உடன் நின்றிருக்கிறேன். மின்சாரத்தை வெளியே அனுப்பும் சுவிட்ச்யார்டில் டிரான்ஸ்பார்மர், மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர், கோளாறைக் கண்டு அதை இயக்கும் ரிலே, எர்த் அளவு ஆகியவற்றை அக்கறையோடுதான் பார்க்கிறார்கள். ஆனால், ஏக்கர் கணக்கில் விரிந்து கிடக்கும் பேனல் வரிசைகளுக்குள் நடந்து பார்ப்பவர்கள் அரிது. லிஃப்ட் முதல் திரையரங்கு வரை அதே அலுவலகம்தான் பார்க்க வேண்டியிருப்பதால் அதிகாரிகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

பெரிய நிலையங்களில் பேனல் வரிசை ஒன்றின் டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) மின்னழுத்தம் 1500 வோல்ட் வரை போகிறது. மெயின் பிரேக்கரை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் கம்பியில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். வீடுகளுக்கு வரும், திசை மாறி மாறிப் பாயும் ஏசி மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி தானாக அணைய வாய்ப்புண்டு. டிசியில் அந்த வாய்ப்பு இல்லை. சென்ற கோடையில் ஒரு நிலையத்தின் வேலியோரம், கட்டைவிரல் அளவுள்ள கனெக்டர் ஒன்று உருகி, கம்பியின் உறை கருகித் தொங்குவதையும், அதன் கீழே ஒரு பாய் விரிக்கும் அளவுக்குக் காய்ந்த புல் எரிந்து அணைந்திருப்பதையும் கண்டேன். வெவ்வேறு நிறுவனங்களின் கனெக்டர்களை ஒன்றோடொன்று செருகியிருந்தார்கள். அவை சரியாகப் பொருந்தாமல் சூடேறும் என்பது வயரிங் வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். நடுப்பகல் வெயிலில், முழு உற்பத்தி நடக்கும்போது சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா கொண்டு பார்த்தால் இத்தகைய இணைப்புகள் எரிவதற்கு முன்பே தெரிந்துவிடும். கணவாய்க் காற்று வீசும் ஊரில் புல்லில் பற்றிய தீ வேலியோடு நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பேட்டரி நிலையங்கள் இன்னும் கவனம் கோருபவை. லித்தியம் செல் ஒன்று கட்டுமீறிச் சூடேறினால் அடுத்தடுத்த செல்களுக்கும் பரவும். ஹைட்ரஜன் உள்ளிட்ட எரிவாயுக்கள் அடைபட்ட அறைக்குள் சேரும். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில், 2 மெகாவாட் நிலையம் ஒன்றின் கதவைத் தீயணைப்பு வீரர்கள் திறந்த சற்று நேரத்தில் அது வெடித்துப் பலர் படுகாயமடைந்தனர். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் எரிந்த பெரிய நிலையத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். தென்கொரியாவில் இருபதுக்கும் மேற்பட்ட பேட்டரி நிலையத் தீவிபத்துகளை ஆராய்ந்த அரசுக் குழு, நிறுவும்போது நேர்ந்த கவனக்குறைவையும், தூசியும் ஈரமும் புகும்படி விட்ட பராமரிப்பையும் காரணங்களுள் வைத்து 2019இல் அறிக்கை தந்தது. கோடைப் புழுதியும் ஜூன் சாரலும் மாறி மாறி வரும் எங்கள் பகுதிக்கு அந்த அறிக்கை நன்றாகவே பொருந்தும்.

ஆகவே, ஆண்டுதோறும் கோடைக்கு முன் டிசி பகுதியையும் பேட்டரி அறைகளையும் மின் ஆய்வாளர் நேரில் பார்க்க வேண்டும். உரிமையாளரின் சுயசான்று அதற்கு ஈடாகாது. நிலையத்தின் வரைபடம், எதை எங்கே துண்டிப்பது, எந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்ற விவரம் ஆகியவை அருகிலுள்ள தீயணைப்பு நிலையங்களிடம், எல்லைக்கு அப்பால் உள்ள தமிழ்நாட்டு நிலையங்கள் உட்பட, முன்கூட்டியே இருக்க வேண்டும். தென்மேற்குக் காற்றில் புகை அந்தப் பக்கம்தான் போகும். ஆய்வறிக்கையின் சுருக்கத்தைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளத்தோடு தமிழிலும் ஒட்ட வேண்டும். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமே அரசுடன் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தந்திருப்பதால், இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. அடுத்த கோடைக்கு முன் மாவட்ட நிர்வாகம் இதற்கு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் மேற்பார்வையாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.