வீங்கிய கைக்கு அளவுக் குறிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்கள் (திசுக்களிலிருந்து வடியும் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) அகற்றப்பட்ட என் தாயாருக்கு, அறுவை முடிந்த எட்டாம் மாதத்தில் இடக்கை வீங்கத் தொடங்கியது. சென்னையில் நாங்கள் சென்ற மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் கையைத் தடவிப் பார்த்து, "பரவாயில்லை, வற்றியிருக்கிறது" என்றே சொல்லி அனுப்பினார்கள். எவ்வளவு வற்றியது என்று கேட்டபோது, ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய சீட்டில் ஓர் எண்கூட இல்லை. தோல் தடித்துக் கெட்டிப்பட்ட பிறகுதான், வீக்கம் வற்றவே இல்லை என்பது எங்களுக்குப் புரிந்தது.

அளவெடுப்பது எளிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் அதில் மிகுந்த கவனம் தேவை. மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி 4 சென்டிமீட்டருக்கு ஒரு குறியிட்டு, ஒவ்வொரு குறியிலும் சுற்றளவை எடுத்து, இரு குறிகளுக்கு இடைப்பட்ட பகுதியை நுனி வெட்டிய கூம்பாகக் கொண்டு கன அளவைக் கணக்கிடுவது வழக்கம். சுற்றளவுகள் 24, 26 சென்டிமீட்டர் என்றால் அந்தத் துண்டு ஏறத்தாழ 199 மில்லிலிட்டர். நாடாவைத் தளர்த்திப் பிடித்ததால் இரண்டும் 1 சென்டிமீட்டர் கூடிவிட்டால் அது 215 ஆகிவிடும். இதே பிழை பத்துத் துண்டுகளிலும் நேர்ந்தால் மொத்தம் ஏறத்தாழ 160 மில்லிலிட்டர் கூடிவிடும். இரு கைகளுக்கும் இடையே 200 மில்லிலிட்டர் அல்லது 10 சதவீத வேறுபாட்டையே நிணநீர் வடியாமல் தேங்குவதால் வரும் இந்த நிணநீர் வீக்கத்துக்கு அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கையில், இந்தப் பிழை எவ்வளவு பெரியது என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

ஆகவே, கூடியவரை ஒரே ஆள், நெகிழாத ஒரே நாடாவைக் கொண்டு, கையை ஒரே நிலையில் வைத்து, ஒரே வேளையில் அளக்க வேண்டும். நம் ஊரின் சித்திரை, வைகாசி வெயிலில் வீக்கம் கூடுவதை என் தாயாரிடம் ஆண்டுதோறும் காண்கிறேன். காலையில் எடுத்த அளவை மாலையில் எடுத்ததோடு ஒப்பிடுவது பயன் தராது. உடல் எடை கூடினால் இரு கைகளும் பருக்கும் என்பதால், நல்ல கையையும் அளந்தால்தான் வீக்கம் எவ்வளவு என்று பிரித்தறிய முடியும். விளிம்புவரை நீர் நிரப்பிய கலத்தில் கையை அமிழ்த்தி, வழியும் நீரை அளக்கும் பழைய முறையும் நம்பகமானதே. ஆனால் புண் உள்ளவர்களுக்கு அது ஏற்றதல்ல, வீக்கம் முழங்கைக்கு மேலா கீழா என்பதையும் அது காட்டாது.

யானைக்கால் நோயால் கால் வீங்கி, கட்டுப் போட்டு வாழ்வோருக்கும் இது பொருந்தும். கட்டு பலன் தருகிறதா, அழுத்தக் காலுறையின் அளவை மாற்ற வேண்டுமா என்பதையெல்லாம் இந்த எண்களை வைத்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

அறுவைக்கு முன் இரத்தம், இ.சி.ஜி., எடை ஆகிய அனைத்தையும் குறித்துக்கொள்ளும் மருத்துவமனைகள், இரு கைகளின் அளவையும் அன்றே எடுத்து, குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைப்போல ஓர் அட்டையில் எழுதி நோயாளியிடமே கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது ஞாயிறுதோறும் காலையில் நானே அளந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஆனால் வீக்கம் வருவதற்கு முன் அந்தக் கை எப்படி இருந்தது என்ற முதல் வரி மட்டும் அதில் காலியாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.