மேயரை எழுதி மன்றத்தை மறந்த கட்டுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், அயல்நாட்டு நகரங்களைப் பற்றிய தொடரில் வெளியான, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'கேம்பல் நியூமனின் வெற்றியோடு 2004 மார்ச் 27 அன்று மாநகராட்சி முழுவதும் லிபரல் கட்சியின் கைக்கு வந்தது' என்று அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த ஊரில் குடியிருந்து அந்தத் தேர்தலில் வாக்களித்தவன் என்ற முறையில், அன்று அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தங்களுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். தாங்கள் அறியாத செய்தியல்ல. அச்சுக்குப் போகிற அவசரத்தில் கண்ணில் படாமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வதுதான் மரியாதை.

அன்று ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குச்சீட்டுகள் கொடுத்தார்கள். ஒன்று மேயருக்கு, மற்றொன்று வார்டு கவுன்சிலருக்கு. பள்ளிக்கூட வாசலில் கட்சித் தொண்டர்கள் நீட்டிய துண்டறிக்கைகளை வாங்கிக்கொண்டு, மைதானத்து ஓரத்தில் சாசேஜ் வாட்டுகிற புகையைத் தாண்டி உள்ளே போனால், அட்டைத் தடுப்புக்குள் நூலில் கட்டிய ஒரு பென்சில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பென்சிலால் மேயருக்கு ஒரு கட்சியையும் வார்டுக்கு இன்னொரு கட்சியையும் குறித்துவிட்டு வந்தவன் நான். என்னைப் போலவே ஊரில் கணிசமான பேர் செய்திருக்கிறார்கள் என்பது எண்ணி முடித்த பிறகு தெரிந்தது. மேயர் பதவியில் இருந்த லேபர் கட்சியின் டிம் குவின் தோற்றார், நியூமன் வென்றார். ஆனால் மொத்தம் 26 வார்டுகளில் 17 லேபரிடமே இருந்தன, லிபரலுக்குக் கிடைத்தவை 9 மட்டுமே. துணை மேயர் பதவியும் லேபரிடமே இருந்தது. மேயரின் நிர்வாகக் குழுவில் அமரும் நிலைக்குழுத் தலைவர்களைக் கவுன்சிலர்கள் கூடிய மன்றம்தான் தேர்ந்தெடுக்கும் என்பதால், தம்முடைய நிர்வாகக் குழுவிலேயே எதிர்க்கட்சிக்காரர்கள் சூழ உட்கார்ந்து நியூமன் நான்கு ஆண்டுகள் நகரத்தை நடத்தினார். இதைத்தான் தங்கள் கட்டுரையாளர் 'மாநகராட்சி முழுவதும்' என்று எழுதியிருக்கிறார். ஒன்பதைப் பதினேழை விடப் பெரிதாகக் காட்டும் கணக்கை அவர் எங்கே படித்தாரோ தெரியவில்லை. படித்த இடத்தைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொள்வேன்.

இது வெறும் எண்ணிக்கைத் தவறாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். மேயர் ஒருவரே நகரம் என்கிற எண்ணம் கட்டுரை நெடுகிலும் ஊறிக் கிடக்கிறது. ராணுவத்தில் பணியாற்றிய பொறியாளர், தாயும் தந்தையும் மத்திய அமைச்சர்களாக இருந்தவர்கள், ஐந்து சுரங்கப்பாதை கட்டுவேன் என்று சொல்லி வந்து ஜெயித்தவர் என்று நாயகனுக்குரிய அறிமுகமெல்லாம் நியூமனுக்குக் கிடைத்திருக்கிறது. எதிரில் நின்ற குவினுக்கு அரை வரி. அவர் எப்படி மேயரானார் என்பதைச் சொல்லியிருந்தாலாவது அந்தத் தேர்தலின் பாதிக் கதை விளங்கியிருக்கும். 1991-இல் அப்போதைய மேயர் சாலியான் அட்கின்சனை யாரும் எதிர்பாராத விதத்தில் தோற்கடித்து வந்த ஜிம் சூர்லி, முன்னாள் கத்தோலிக்கப் பாதிரியார், பன்னிரண்டு ஆண்டுகள் மேயராக இருந்துவிட்டு 2003 மே மாதத்தில் பதவியை விட்டு விலகினார். எஞ்சிய காலத்துக்குக் குவினை அமர்த்தியது மன்றம். மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த மார்ச்சில் மேயராக நின்ற குவின், அந்தப் பதவிக்கு ஒரு தடவைகூட மக்களிடம் வாக்கு வாங்காதவர். எங்கள் வார்டுப் பக்கம் பேருந்து நிறுத்தத்தில் அந்த நாட்களில் கேட்ட பேச்சில் சுரங்கப்பாதையைவிட இந்த மனத்தாங்கல்தான் அதிகமாக இருந்தது.

இந்தப் பழக்கம் அதோடு நின்றதா என்றால் இல்லை. 2011-இல் நியூமன் மாநில அரசியலுக்குப் போவதற்காக மேயர் பதவியைத் துறந்தபோது கிரஹாம் குவிர்க் அதே வழியில் வந்தார். 2019-இல் குவிர்க் விலகியபோது ஏட்ரியன் ஷ்ரின்னர் அதே வழியில் வந்தார். மூன்று பேருமே அடுத்த தேர்தலுக்கு ஓராண்டளவு இருக்கையில் மேயர் என்ற பெயரோடு களத்தில் இறங்கும் வாய்ப்பைப் பெற்றவர்கள். பின்னிருவருக்கு அது பலித்தது, குவினுக்குப் பலிக்கவில்லை. பதவிக்காலத்தின் பிற்பாதியில் காலியிடம் விழுந்தால் மன்றமே நிரப்பிக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது, சரி. சட்டப்படி சரியான ஒன்று வாக்காளனுக்கு மனக்கசப்பைத் தரக்கூடும் என்பதைக் கட்டுரையாளர் நினைத்தே பார்க்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

'நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கும் புதுமை' என்று ஓர் இடத்தில் போகிறபோக்கில் எழுதப்பட்டிருக்கிறது. 1924-ஆம் ஆண்டின் பிரிஸ்பேன் நகரச் சட்டத்தின்படி, சுற்றிலுமிருந்த இருபது உள்ளாட்சிகளை ஒன்றாக்கிப் பெருநகர மன்றத்துக்கு 1925 பிப்ரவரி 21 அன்று முதல் தேர்தல் நடந்தது. அப்போதே வில்லியம் ஜாலியை மக்கள்தான் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2004-இலேயே ஏறத்தாழ எண்பது ஆண்டுப் பழைய புதுமை! ஆற்றின் குறுக்கே அவர் பெயரில் ஒரு பாலமே இருக்கிறது. பாலம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழில் பிரிஸ்பேனைப் பற்றி வந்த பயணக் கட்டுரையில் ஸ்டோரி பாலம் என்று குறிப்பிட்டுச் சிட்னித் துறைமுகப் பாலத்தின் படத்தை அச்சிட்டிருந்தீர்கள். அப்போதும் எழுதினேன். 'பிரிஸ்பேன் வாசகர் ஒருவர் பாராட்டுகிறார்' என்ற தலைப்பில், என் கடிதத்தின் முதல் இரண்டு வரிகள் மட்டும் வெளியாயின. அந்த இரண்டு வரிகளில் நான் வணக்கம் சொல்லி நலம் விசாரித்திருந்தேன்.

கவுன்சிலர் என்ற சொல் தங்கள் கட்டுரையில் ஓரிடத்தில்கூட வரவில்லை. ஆஸ்திரேலியாவிலேயே பெரிய உள்ளாட்சி பிரிஸ்பேன். பேருந்து ஓட்டுவதும் ஆற்றில் படகு விடுவதும் அதுதான். ஒரு வார்டு என்பது இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்டது. எங்கள் தெருக்கோடியில் மழைநீர் வடிகாலின் வாய் அடைத்துக்கொண்டு, கோடைமழை வரும்போதெல்லாம் மூன்று வீட்டுக் கார்க்கூடங்களில் கணுக்கால் அளவுத் தண்ணீர் நிற்கும். மேயருக்கு எழுதினால் அழகான தாளில் நன்றிக் கடிதம் வந்தது. கவுன்சிலர் ஒரு சனிக்கிழமை காலை ரப்பர் காலணியோடு நேரிலேயே வந்து நின்றார். இரும்புக் கம்பித் தட்டியைத் தூக்கச் சொல்லி, உள்ளே வேர் பின்னிக் கிடப்பதைக் கையை விட்டுப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார். அடுத்த மழைக்கு முன் வேலை முடிந்தது. அவர் நான் வாக்களித்த கட்சிக்காரர் என்பதால் சொல்லவில்லை, மறுகட்சிக்காரராக இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். நகரத்தின் ஆட்சி அந்த 26 பேரிடமும் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

சுரங்கப்பாதையின் வெற்றியைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறீர்கள். வுல்லூன்கப்பாவிலிருந்து போவன் ஹில்ஸ் வரை ஆற்றுக்கு அடியில் போகும் முதற்பாதை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. 1961 முதல் 1975 வரை மேயராக இருந்த லேபர்காரர் கிளெம் ஜோன்ஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தக் கண்ணியத்தைக் கட்டுரை கண்டுகொள்ளவேயில்லை. முதல் சில வாரங்கள் இலவசம் என்றதும் ஊரே வண்டியை எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனது, நானும் போனேன். சுங்கம் வாங்கத் தொடங்கியதும் பழைய சாலைக்கே எல்லாரும் திரும்பிவிட்டோம். கணித்துச் சொல்லியிருந்த வாகனங்களில் பாதிகூட வரவில்லை. கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தும் பயனில்லாமல், 2011 பிப்ரவரியில் அதை நடத்திய நிறுவனத்தின் சொத்து கடன்காரர்கள் நியமித்தவர்களின் கைக்குப் போயிற்று. ஐந்து பாதைகளில் ஒன்று பாலமாக உருமாறியது, ஒன்று காகிதத்தை விட்டு வெளியே வரவேயில்லை. இவ்வளவையும் 'நெரிசல் தீர்ந்தது' என்ற இரண்டு சொற்களில் அடக்கிவிடத் தங்களுக்குத் தனித்திறமை வேண்டும். மற்றொன்றும் உண்டு: முதற்பாதைக்கான தீர்மானங்களும் நிதியும் லேபர் பெரும்பான்மை கொண்ட மன்றத்தில்தான் நிறைவேறியிருக்க முடியும். ஆகையால் புகழானாலும் பழியானாலும் அதில் பாதி, தங்கள் கட்டுரையில் இடமே பெறாத அந்தப் பதினேழு பேரைச் சேர வேண்டியது. மன்றம் லிபரல் கையில் வந்தது 2008 மார்ச் 15 தேர்தலில், பதினாறுக்குப் பத்து என்ற கணக்கில். தங்கள் கட்டுரையாளர் நான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டுவிட்டார்.

எந்த நாட்டுத் தேர்தலைத் தொட்டாலும் இரண்டு முகங்களைப் பெரிதாகப் போட்டு, ஜெயித்தவர் தோற்றவர் என்று முடித்துவிடுவது தங்கள் இதழின் வழக்கமாகிவிட்டது. நீண்ட நாள் சந்தாதாரன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வாசகர்கள் இதைவிட அதிகமாகத் தாங்குவார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. 2004 தேர்தலில் மேயர் பதவி மட்டுமே லிபரல் கட்சிக்குப் போயிற்று, 26 வார்டுகளில் 17 லேபரிடம் இருந்தன என்ற திருத்தத்தை அடுத்த இதழில், கட்டுரை வந்த பக்கத்திலேயே வெளியிட வேண்டும். விளம்பரங்களுக்குக் கீழே, பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் வேண்டாம். கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், தயவுசெய்து இம்முறை வணக்கத்தை எடுத்துவிட்டு எண்களை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பிரிஸ்பேன்.