மகரந்தம் ஒட்டாத சீருடை: செம்பனைத் தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட நிர்வாகிகளுக்கு வணக்கம்.

கைமுறை மகரந்தச் சேர்க்கை செய்யும் தொழிலாளர்களுக்கு, மகரந்தம் ஒட்டாத பூச்சு ஏற்றிய சீருடையும் தலைமுடிக்கான தெளிப்பானும் வாங்க எண்ணியிருப்பதாக அறிகிறேன். தங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால், பணம் கட்டுமுன் விற்பனையாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இந்தப் பூச்சு எந்த ஊர்க் காற்றில் சோதிக்கப்பட்டது?

இத்தகைய பொருள்கள் ஜப்பானில் பெயர் பெற்றவை. அங்கே சுகி என்னும் ஜப்பானிய ஊசியிலை மரத்தின் மகரந்தம் பறக்கும் இளவேனில் தொடக்கத்தில் காற்று உலர்ந்திருப்பதால், கம்பளியிலும் முடியிலும் உரசலால் நிலைமின்சாரம் தேங்கித் துகள்களை இழுத்துக்கொள்கிறது. பூச்சு இழைமேல் மெல்லிய படலமாகப் படிந்து, காற்றின் ஈரத்தைப் பிடித்து அந்த மின்சாரத்தைக் கசியவிடுகிறது. நம் மலேசியக் காற்றிலோ ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையில் நிலைமின்சாரம் தேங்க ஏது இடம்? இங்கே மகரந்தத்தைப் பிடித்துவைப்பவை வியர்வையும் தலையெண்ணெயும் சொரசொரத்த துணியும்தான்.

எண்ணெயையும் விலக்கும் ஃபுளூரின் பூச்சுகள் உண்டு. அவை மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாதவை. தெளிப்பானாக அடிக்கும்போது நுண்துளிகள் நுரையீரலைப் பாதிக்கக்கூடும். ஆகவே அவற்றைத் தொழிலாளர் தலையில் அடிக்கக் கொடுக்காதீர்கள்.

செம்பனைப் பூக்களில் மகரந்தத்தைப் பரப்பும் கேமரூன் நாட்டுக் கூன்வண்டு 1981இல் இங்குள்ள தோட்டங்களில் விடப்பட்ட பிறகு, கைமுறை மகரந்தச் சேர்க்கை வேலை பெரிதும் குறைந்தது. ஆண்பூக்கள் போதாத இளந்தோட்டங்களில் மட்டும், டால்க் மாவில் கலந்த மகரந்தத்தைப் பெண்பூக்களின் மேல் ஊதுகிறார்கள். அவர்கள் வீடு திரும்பும்போது கழுத்துப்பட்டை மடிப்பிலும் கொண்டையின் அடியிலும் அந்த மாவு அப்பியிருக்கும். ஓடிவரும் பிள்ளையை அதே சட்டையோடுதான் தூக்குகிறார்கள். செம்பனை மகரந்தம் ஒவ்வாமை உண்டாக்கும் என்பது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. எனக்கு இதுவே பெரிய கவலை.

எனவே முதலில் நெருக்கமாக நெய்த வழவழப்பான முழுக்கைச் சட்டை, முடியை முழுதும் மூடும் தலைத்துணி, முகக்கவசம் ஆகியவற்றைக் கொடுங்கள். வேலைக் கொட்டகையருகே குளிக்கவும், உடை மாற்றவும், சீருடையை அங்கேயே துவைக்கவும் வசதி செய்யுங்கள். பூச்சை வாங்கியே தீரவேண்டுமானால், ஒரே சட்டையின் ஒரு கைக்கு மட்டும் பூசி ஒரு முழுநாள் வேலைக்கு உடுத்தச் செய்து, இரு கைகளிலும் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து நுண்ணோக்கியில் துகள்களை எண்ணச் சொல்லுங்கள். பல முறை துவைத்த பின்பும் அதையே செய்யட்டும். விற்பனையாளர் இதற்கு உடன்படாவிட்டால், அந்தத் தொகையைக் குளியலறைக்குச் செலவிடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.