காண்டசா காரின் லோயர் ஆர்ம் புஷ் மாற்றியதில் சேவைக் குறைபாடு: புகார் கடிதம்

அனுப்புநர்:
காண்டசா கார் உரிமையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
பொது மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்கள் தவறாகப் பொருத்தப்பட்டு, உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே கிழிந்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1997-இல் என் தந்தையார் வாங்கிய காண்டசா கிளாசிக் காரை, முன்பக்கத்தில் இருபுற லோயர் ஆர்ம் புஷ்களையும் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையான லோயர் ஆர்ம், வண்டியின் சட்டத்தோடு சேரும் மூட்டிலுள்ள ரப்பர் உருளைகள்) மாற்றித் தருவதற்காகக் கடந்த மார்ச் மாதம் தங்கள் பட்டறையில் விட்டிருந்தேன். பொருள், கூலி, வரி எல்லாம் சேர்த்து 14,600 ரூபாயை வண்டியை எடுத்த அன்றே செலுத்தினேன். ரசீதில் 6 மாத உத்தரவாதம் என்று தங்கள் முத்திரையுடன் எழுதப்பட்டுள்ளது. ஐந்தாவது மாதத்தில், வண்டி 1,900 கிலோமீட்டர்கூட ஓடியிராத நிலையில், இடப்பக்க புஷ்ஷின் ரப்பர் கிழிந்துவிட்டது.

முதலில் வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போது மட்டும் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு கோத்தகிரி மலைப்பாதையில் இறங்குகையில், பிரேக்கை மிதித்தவுடன் வண்டி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்த பேருந்துகளுக்கெல்லாம் வழிவிட்டபடி மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தேன். இடப்பக்க முன் டயரின் உள்விளிம்பு தேய்ந்து வழவழப்பாகிவிட்டதை மறுநாள் காலைதான் கவனித்தேன்.

தங்கள் சர்வீஸ் மேலாளர் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “பழைய வண்டி சார், இதுக்கு மேல எதிர்பார்க்கக் கூடாது” என்றார். மேற்கு வங்கத்தின் உத்தரப்பாரா தொழிற்சாலையில் 2002-உடன் தயாரிப்பு நின்றுபோன காரை வைத்திருப்பவனுக்கு அது பழைய வண்டி என்று தெரியாமலா இருக்கும்? ஆனால் தங்கள் பட்டறை கழற்றி எறிந்த புஷ்களும் இதே காரில், இதே சாலைகளில்தான் 11 ஆண்டுகள் உழைத்தன. 11 ஆண்டுகள் தாங்கிய இடத்தில் புதிய புஷ் 5 மாதம்கூடத் தாங்கவில்லை என்றால், காரணம் வண்டியின் வயதில் இல்லை, பொருத்திய முறையில்தான் இருக்கிறது.

இந்த வகை புஷ்ஷில் வெளிக்குழல் ஆர்முக்குள் பிரஸ் செய்து இறுக்கப்படுகிறது; போல்ட்டை முறுக்கும்போது உள்குழல், வண்டியின் சட்டத்திலுள்ள பிராக்கெட்டுக்கு இடையில் அசையாமல் பிடிபடுகிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது இவ்விரண்டு குழல்களுக்கும் நடுவிலுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு வளைந்து கொடுக்கிறது. ஆகவே, வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இறங்கி, ஆர்ம் தன் இயல்பான உயரத்துக்கு வந்த பிறகே போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கேறியே இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் அந்த முறுக்கை இன்னும் கூட்டும். லிஃப்டில் நின்றுகொண்டே முறுக்குவது சுலபம், தரையில் இறக்கிய வண்டிக்கு அடியில் படுத்து முறுக்குவது சிரமம் என்பது எனக்கும் தெரியும். அந்தச் சிரமத்துக்கும் சேர்த்துத்தானே கூலி வாங்குகிறீர்கள்?

இது என் ஊகமன்று. வேறொரு பட்டறையில் வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்வதற்கான பள்ளத்தின் மேல் காரைச் சக்கரங்களில் நிற்க வைத்து, இன்னும் கிழியாத வலப்பக்க புஷ்ஷைச் சோதித்தோம். ரப்பருக்கு வெளியே தெரியும் உள்குழலின் ஓரத்திலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரே கோடாக இழுத்துவிட்டு, போல்ட்டை மெல்லத் தளர்த்தினோம். பிடி விட்டதும் உள்குழல் தானாகவே சுழன்றது; ஒன்றாக இருந்த கோடு ஓர் அரிசிமணி நீளத்துக்கு விலகி இரண்டாக நின்றது. முறையாக இறுக்கிய புஷ்ஷாக இருந்தால் கோடு நகர்ந்திருக்காது. இதைக் கைப்பேசியில் பதிவு செய்து இணைத்துள்ளேன். கழற்றிய இடப்பக்க புஷ்ஷில் ரப்பர் உள்குழலை ஒட்டி வளைவாகக் கிழிந்திருப்பதையும் படத்தில் காணலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்கள் ரசீதில் ‘புஷ் கிரீஸ்’ என்று 80 ரூபாய் போடப்பட்டிருக்கிறது. கழற்றிய ரப்பரின் விளிம்பு, விரலால் அழுத்தினால் கறுப்பாக ஒட்டும் அளவுக்கு ஊறிப் போயிருந்தது. சாதாரண கிரீஸ் இயற்கை ரப்பரை உப்பச் செய்து கெடுக்கும்; புஷ்ஷை உள்ளே செலுத்தச் சோப்பு நீரே போதும். காயில் ஸ்பிரிங்கை ஆபத்தில்லாமல் கழற்றி மாட்டியதிலும், ஆர்மைக் கோணாமல் பழைய புஷ்ஷை வெளியே எடுத்ததிலும் தங்கள் பணியாளர்களிடம் நான் குறை காணவில்லை. கடினமான வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தில் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

எனவே, இருபுறமும் புதிய ரப்பர் புஷ்களைத் தங்கள் செலவில் பொருத்தி, வண்டியைத் தரையில் இறக்கிய பின் என் முன்னிலையில் போல்ட்டுகளை இறுக்கி, அதன் பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்துத் தர வேண்டும். தேய்ந்துபோன டயரின் விலையான 4,200 ரூபாயையும் ஈடுசெய்ய வேண்டும். அது இயலாதெனில், டயரின் விலையுடன் நான் செலுத்திய 14,600 ரூபாயையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, சேவைக் குறைபாடு என மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வேன்.

கிழிந்த புஷ் என்னிடம் பத்திரமாக உள்ளது. தங்கள் பொறியாளர் எந்த நாளிலும் வந்து பார்வையிடலாம். வண்டியும் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காண்டசா கார் உரிமையாளர்

இணைப்பு: ரசீது நகல், புகைப்படங்கள், காணொளிப் பதிவு.