செயலாளரின் ஆண்டறிக்கை 2024: ‘கலா’ அல்பத்தை நாம் கேட்ட விதம்

தலைவர் அவர்களே, காப்பாளர் ஐயா அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எமது இசை கேட்போர் வட்டத்தின் 2024 ஆம் ஆண்டுக்கான செயலறிக்கையை இந்தப் பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கிறேன்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் உவர்மலையில் உள்ள வழக்கமான மண்டபத்திலேயே நடந்தன. செப்டெம்பர்க் கூட்டம் ஜனாதிபதித் தேர்தலை ஒட்டித் தள்ளிப்போனது. நவம்பர் கடைசியில் வெள்ளம். மூதூர், கிண்ணியாப் பக்கத்து உறுப்பினர்கள் வர வழியில்லாததால் அந்தக் கூட்டம் வைக்கப்படவில்லை. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்போரின் பெயர்களையும் சேர்த்து வாசிக்கப்போவதாகச் சொல்கிறார். அதில் நான் தலையிடவில்லை.

இவ்வருடம் அதிகம் கதைக்கப்பட்டதும், அதிகம் சண்டை பிடிக்கப்பட்டதும் ஓர் அல்பத்தைப் பற்றித்தான். ‘எப்போதும் கீர்த்தனையும் பழைய சினிமாப் பாட்டும்தானா, ஒருமுறை இலத்திரனியல் நடன இசையும் கேட்போமே’ என்று இளைய உறுப்பினர்கள் நெருக்கியபோது, செயற்குழு எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா அருள்பிரகாசத்தின் ‘கலா’வைத் தெரிவுசெய்தது. 1975 இல் இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, பின் அகதியாக இலண்டனுக்கே திரும்பியவர் அவர். 2005 இல் வந்த முதல் அல்பத்துக்குத் தகப்பன் பெயர், 2007 இல் வந்த இதற்குத் தாயின் பெயர். அமெரிக்க விசா இழுபட்டதால் இந்தியா, ட்ரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று அலைந்து பதிவுசெய்ததில், போன இடத்துச் சத்தமெல்லாம் உள்ளே வந்துவிட்டது. அந்த வருடத்தின் மிகச் சிறந்த அல்பம் என்று ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகை இதைத்தான் சொன்னது. எமது வட்டம் அவ்வளவு இலேசில் ஒத்துக்கொள்ளவில்லை.

கேட்பது இரண்டு மாலைகளில் நடந்தது. திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுபவரிடம் இரவல் வாங்கிய பெட்டிகள். பேஸ் என்ற தாழ்ந்த அதிர்வொலி இறங்கியதும் மண்டபத்து ஜன்னல் கண்ணாடி ஒன்று சட்டத்துக்குள் கடகடவென்று ஆடத் தொடங்கியது. இரண்டாவது பாட்டான ‘பேர்ட் ஃப்ளூ’வில் கோழிகள் கத்துகின்றன, சிறுபிள்ளைகள் கூவுகிறார்கள், மேளங்கள் முட்டி மோதுகின்றன. அதற்குள் ஜன்னலின் ஆட்டமும் சேர்ந்துகொள்ள, அதுவும் பதிவில் உள்ளதுதான் என்று பலர் நம்பிவிட்டார்கள். பொருளாளர் எழுந்துபோய்க் கண்ணாடியைக் கையால் அழுத்திப் பிடித்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. ‘ஜன்னலோடு கேட்டதுதான் நல்லாயிருந்தது’ என்று கருத்துச் சீட்டில் ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கும் அதில் மறுப்பில்லை.

முதல் பாட்டிலேயே ஒரு பரபரப்பு. ‘பாம்பூ பாங்கா’ தொடங்கிச் சற்று நேரத்தில் தலைவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். ‘இது தளபதி எல்லோ!’ என்றார். ஆம், 1991 இல் வந்த ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து எடுத்த துண்டு அது. நிலாவெளி ஹோட்டல்களில் டிஜே வேலை பார்க்கும் எமது தம்பி, பழைய பதிவிலிருந்து சில விநாடிகளை வெட்டியெடுத்து, வேகத்தை மாற்றி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் புது அடியை ஏற்றும் முறையைத் தன் மடிகணினியில் செய்தே காட்டினார். இளையராஜா ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ராஜாவின் பாட்டு உலகம் சுற்றுகிறது என்று ஒரு பகுதி, ஜேசுதாசும் பாலுவும் பாடியதை இப்படியா நறுக்குவது என்று மறுபகுதி. தேத்தண்ணி வந்தும் வழக்கு முடியவில்லை.

ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை அக்காவின் கருத்தை நான் விரிவாகப் பதியவேண்டும். அவர் வந்ததே எதிர்க்கத்தான். ‘பாட்டே இல்லை, ஒரே சுரத்தில் நின்று கத்துறா’ என்று முதல் நாள் எழுதிக் கொடுத்தார். இரண்டாம் நாள் ‘போய்ஸ்’ ஓடும்போது தொடையில் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதிதாளம் போட்டுப் பார்த்தார். எட்டு அட்சரத்துக்குள் நிற்கிறது, ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அடி விழவில்லை என்று சொல்லி, அதையே மறுபடி போடச் சொன்னார். அந்தப் பாட்டில் உறுமி மேளம் இருக்கிறது. ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து பாலையூற்றில் குடியிருக்கும் உறுப்பினர்தான் அதை முதலில் இனங்கண்டார். தோட்டத்துத் திருவிழாக்களில் தப்பு மேளத்தோடு உறுமியையும் கேட்டு வளர்ந்தவர் அவர். ஒரு பக்கத் தோலை நேர்க்குச்சியால் அடிப்பதையும், மற்றப் பக்கத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பதையும், அந்தத் தேய்ப்பில் ‘ஊம்’ என்று முனகல் எழும்புவதையும் மேசையில் பேனையால் தேய்த்துக் காட்டினார். அக்கா உடனே, ‘அப்ப மேளத்துக்குள்ளேயே கமகம் இருக்குது’ என்றார். சுரத்தை அசைத்து வளைப்பதைத்தான் கமகம் என்பார்கள். அல்பத்தை அவர் மன்னிக்கவில்லை. உறுமியை ஏற்றுக்கொண்டார்.

‘டிஸ்கோ டான்சர்’ என்ற 1982 ஆம் ஆண்டு ஹிந்திப் படத்துப் பாட்டைப் புதுப்பித்த ‘ஜிம்மி’ எல்லோருக்கும் பிடித்தது, கதைக்க ஒன்றுமில்லை. கடைசிப் பாட்டில் அமெரிக்கத் தயாரிப்பாளர் டிம்பலாண்ட் வருகிறார். பெயர் பெரிது, பாட்டு சப்பென்று இருக்கிறது என்பதில் முதியோரும் இளையோரும் இவ்வருடம் முதன்முறையாக ஒத்துப்போனார்கள்.

சீட்டுகளையெல்லாம் வீட்டில் வைத்து வாசித்தபோது எனக்குப் பட்டது இதுதான். கலவை என்பதற்காக எவரும் இதைத் தள்ளவில்லை. தமிழ்ப் பொப் பாடிய பரமேஸ்–கோணேஸ் சகோதரர்களைத் தந்த ஊர் இது. பொப்பிசையும் பைலாவும் கலியாண வீடுகளில் ஓடித் தேய்ந்த ஊர். எடுத்த சத்தத்தை வழவழப்பாக்காமல், அதன் கரடுமுரடோடு முன்னால் நிறுத்திய பாட்டுகள் எமக்குப் பிடித்தன. உறுமியும் கோழியும் அப்படித்தான் வென்றன. வாசனைக்கு மட்டும் தூவிய இடங்களில் காது சலித்தது. சஞ்சிகைகள் இதைப் ‘புதுமை’ என்று சொல்வது எனக்குச் சற்றுச் சிரிப்புத்தான். உறுமிக்கு என்ன புதுமை?

‘பேப்பர் பிளேன்ஸ்’ பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2008 இல் அமெரிக்க பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறிய பாட்டு, ‘த க்ளாஷ்’ என்ற பிரித்தானிய ரொக் குழுவின் 1982 ஆம் ஆண்டுப் பதிவொன்றின் மேல் கட்டியது. விசாவுக்கு அலைந்தவர்கள் நிறைந்த எமது கூட்டத்தில், போலி விசா செய்து தருகிறேன் என்று அது தொடங்கும்போது நல்ல சிரிப்பு. பல்லவியில் துப்பாக்கிச் சத்தம் தொடர்ந்து வெடிக்கிறது, பிறகு கடைக் காசுப்பெட்டியின் மணி. திருக்கடலூரிலிருந்து வரும் மூத்த உறுப்பினர் எழுந்து விறாந்தைக்குப் போய், பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றார். அவருடைய சீட்டில் ‘கோழிப் பாட்டு நல்லம்’ என்று மட்டும் இருந்தது.

நிலாவெளியில் இதைப் போட்டால் சுற்றுலாப் பயணிகள் கையைத் துப்பாக்கிபோல் நீட்டிக்கொண்டு ஆடுவார்கள் என்று டிஜே தம்பி சொன்னார். வந்தேறிகளைக் கள்ளர் என்று நினைப்பவர்களை நக்கலடிக்கத்தான் அந்தச் சத்தம் என்றும் விளக்கினார். விளக்கம் சரி. அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் அந்தச் சத்தத்தை மாற்றித்தான் ஒலிபரப்பினார்கள். ஆனால் அவர்களுடைய கூச்சம் வேறு, விறாந்தையில் நின்றவரின் காரணம் வேறு. இனிமேல் இப்படியான ஒலி உள்ள பதிவுகளைப் போடுமுன் அறிவிப்பது என்று செயற்குழு தீர்மானித்தது. பாட்டை விலக்கவேண்டும் என்ற பிரேரணையும் வந்தது. விறாந்தையில் நின்ற ஐயாவே அதை எதிர்த்ததால் கைவிடப்பட்டது.

பாலையூற்று உறுப்பினர் இறுதியில் ஒரு கேள்வி கேட்டார். பாடியவரின் பெயர் உலகத்துக்கே தெரியும், உறுமி அடித்தவர்களில் ஒருவரின் பெயராவது இங்கே யாருக்காவது தெரியுமா? ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து அடுத்த வருட வேலைத்திட்டம் பிறந்தது. எமது மாவட்டத்துப் பறைமேளக் கலைஞர்களை ஒரு மாலைக்கு அழைப்பது. வாசிப்பைப் பதிவுசெய்யுமுன் ஒவ்வொருவரின் பெயர், ஊர், கற்றுக்கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதுவது. பேசிய தொகையை அன்றே கையில் கொடுப்பது. பதிவை டிஜே தம்பி தன் கலவைக்கு எடுக்க விரும்பினால் முதலில் அவர்களிடம் கேட்கவேண்டும். அவரும் சம்மதித்துள்ளார்.

ஒலிபெருக்கி வாடகைக்கு ஒதுக்கீடு கேட்டு இருக்கிறேன். ஜன்னல் கண்ணாடிக்கு மக்குப் பசை வைத்துத் தருவதாகக் காப்பாளர் ஐயா சொல்லியிருக்கிறார். அடுத்த அல்பத்தைத் தானே தெரிவுசெய்ய வேண்டும் என்று சங்கீத ஆசிரியை அக்கா எழுத்தில் கேட்டிருப்பதால், அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
செயலாளர்,
திருகோணமலை.